ஒளியை அளந்து கொடுத்தல்: புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டு ஒளி சிகிச்சை

மருந்துக்கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் இன்று ஒளி சிகிச்சைக் கருவி என்னும் ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்கள் பல. முழங்கால் வலிக்கு வைக்கப்படும் சிவப்பு விளக்கு, வெண்புள்ளிக்குப் பரிந்துரைக்கப்படும் புற ஊதா விளக்கு, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு, மனச்சோர்வுக்கான வெள்ளொளிப் பெட்டி, முகச்சுருக்கம் போக்கும் என்று சொல்லப்படும் மின்முகமூடி ஆகிய அனைத்தும் இப்பெயரில் அடங்கிவிடுகின்றன. காய்ச்சல் மாத்திரையும் இன்சுலின் ஊசியும் ஒரே கடையில் கிடைப்பதால் அவை ஒன்றாகிவிடாதது போலவே, இந்த விளக்குகளும் ஒன்றல்ல. ஒன்று குணப்படுத்தும் இடத்தில் மற்றொன்று பயனற்றது, சில வேளைகளில் தீங்கானது. எனவே வீட்டில் ஒளி சிகிச்சை நல்லதா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எந்த ஒளி, எந்த நோய்க்கு, எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில் என்று பிரித்துக் கேட்பதே பொருத்தமாகும்.

ஒளி உடலில் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதை உடலிலுள்ள ஏதேனும் ஒரு மூலக்கூறு உறிஞ்ச வேண்டும். எந்த மூலக்கூறு எந்த ஒளியை உறிஞ்சும் என்பதை அலைநீளம் தீர்மானிக்கிறது. அலைநீளத்தை நானோமீட்டரில், அதாவது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு குறிப்பர். கண்ணுக்குப் புலப்படும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அமைய, அதைவிடக் குறுகியது புற ஊதா என்றும், அதைவிட நீண்டது அகச்சிவப்பு என்றும் பெயர் பெறும். இரண்டாவது நிபந்தனை அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலின்மேல் ஒரு நொடியில் விழும் ஆற்றலே கதிர்ச்செறிவு. அதை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதே ஒருமுறைக்கான அளவு. சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் தரும் விளக்கிலிருந்து 200 மில்லிஜூல் பெற 40 நொடி போதும். விளக்கு பழையதாகிச் செறிவு பாதியாகக் குறைந்திருந்தால் அதே அளவுக்கு 80 நொடி வேண்டும். விளக்கைத் தோலிலிருந்து விலக்கிப் பிடித்தாலும் அளவு குறைந்துவிடும். வீட்டுச் சிகிச்சையில் நேரும் பல தவறுகள் இந்த எளிய கணக்கைத் தவறவிடுவதால் நேர்பவையே.

மின்விளக்கால் நோய் தீர்க்கும் முறைக்கு நவீன மருத்துவத்தில் இடம் தேடித் தந்தவர் டென்மார்க் நாட்டின் நீல்ஸ் ஃபின்சன். தோலைத் தாக்கும் ஒருவகைக் காசநோய்க்குச் செறிவூட்டிய வில்விளக்கொளியைப் பயன்படுத்திய அவர், 1896இல் கோபன்ஹேகனில் அதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். இந்தியாவில் நவாநகர் சமஸ்தானத்தின் மன்னர் ரஞ்சித்சிங்ஜி, பிரெஞ்சு மருத்துவர் ழான் சைட்மனின் வடிவமைப்பில், சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும் சிகிச்சைக் கூடம் ஒன்றை ஜாம்நகரில் 1933இல் எழுப்பினார். இவையிரண்டுமே நிறுவனத்துக்குள் நடந்த சிகிச்சைகள் என்பதும், ஃபின்சனின் நிறுவனத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் அருகில் ஒரு செவிலியர் நின்றார் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை. விளக்கு சிறிதாகி வீட்டுக்கு வந்தபோது செவிலியர் உடன் வரவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வானம் பார்த்த பூமியும் கண்மாய்களுமாகக் கிடக்கும் இந்த வறண்ட நிலத்தில், வெண்புள்ளிக்கு வெயிலையே மருந்தாக்கும் வழக்கம் ஒளிவிளக்குகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கார்போகரிசியை அரைத்தோ எண்ணெயாக எடுத்தோ தோலிற் பூசி வெயிலில் நிற்பது அம்முறை. அந்த விதையில் சோரலன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது தோலைப் புற ஊதா ஒளிக்குக் கூருணர்வு உடையதாக மாற்றி, மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் நிறமிச் செல்களைத் தூண்டுகிறது. எகிப்தில் வேறொரு செடியின் விதையால் இதே பயனைப் பெற்றுவந்த நாட்டு வழக்கத்தை, கெய்ரோவின் மருத்துவர் எல் மொஃப்டி 1940களில் ஆராய்ந்து சோரலனை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். பின்னர் சோரலன் மாத்திரையுடன் புற ஊதா விளக்கைச் சேர்த்த முறை 1974இல் அமெரிக்காவில் நிலைபெற்றது. விளக்குக்கு வழியில்லாத இடங்களில், மாத்திரை உட்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் நிற்கும் முறையை இந்தியத் தோல்நோய் மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்து வந்துள்ளனர். மாத்திரை உண்ட நாள் முழுவதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்பதும் அப்பரிந்துரையின் பகுதியே.

இம்முறையில் மருந்துக்கு அளவு உண்டு, வெயிலுக்கு இல்லை. சித்திரை மாத நண்பகலும் ஐப்பசி மாத மூட்டமும் ஒரே அளவு புற ஊதாவைத் தருவதில்லை. நாட்டு முறையிலானால், எண்ணெயை எவ்வளவு தடிமனாகப் பூசினார் என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. சோரலனால் தோல் வெந்துபோவது உடனே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்தே உச்சத்தை அடைவதால், முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டாம் நாளும் வெயிலில் நின்றவர் மூன்றாம் நாள் கொப்புளத்துடன் மருத்துவமனைக்கு வர நேரிடுகிறது. நாட்டு மருந்தாயிற்றே, என்ன செய்துவிடும் என்னும் எண்ணம் இங்கே மிகத் தவறானது. கார்போகரிசி வலுவான மருந்து என்பதனாலேயே அது ஆபத்தானதும் ஆகும்.

சோரலன் இல்லாமலே பயன் தரும் ஒளியைத் தேடியதன் விளைவே குறுகிய அலைப்பட்டைப் புற ஊதா சிகிச்சை. சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையை எந்த அலைநீளம் தணிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பாரிஷும் ஜேனிக்கியும் 1981இல் ஆராய்ந்தபோது, தோலைச் சிவக்கவைப்பதில் முந்தும் குறுகிய அலைகள் நோயைத் தணிப்பதில் பயன்படவில்லை என்றும், 300 நானோமீட்டரை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் உள்ள பகுதியே பயன் தருகிறது என்றும் தெரியவந்தது. 311 நானோமீட்டரைச் சுற்றி மட்டும் ஒளிரும் குழல்விளக்கை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கியது. 1997இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் அதை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி, சோரலன் பூசி ஒளி கொடுப்பதற்குக் குறையாத பலன் கண்டதாக வெளியிட்டனர். இன்று வீட்டுக்கென விற்கப்படும் கைப்பிடி விளக்குகளும் நிற்கும் பலகை விளக்குகளும் பெரும்பாலும் இதே வகைக் குழலைக் கொண்டவையே.

வீட்டுக் கருவியின் தேவை இம்மாவட்டத்தில் எங்கே எழுகிறது என்பதை நிலப்படத்திலேயே காணலாம். இச்சிகிச்சை வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, அடுத்தடுத்த நாள்கள் அல்லாமல், மாதக்கணக்கில் அளிக்கப்படுவது. பலன் இல்லை என்று முடிவுகட்டுவதற்கே 72 முறை, அதாவது வாரம் மூன்றாக ஏறத்தாழ ஆறு மாதம், கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வெண்புள்ளி வல்லுநர் குழுவின் கருத்து. மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவக் குடும்பத்தினருக்கு அதைவிடத் தொலைவு. 2017இல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போக வேண்டிய நிலை பெரிதும் மாறியிருந்தாலும், விளக்கின் முன் ஒரு நிமிடம் நிற்பதற்காக ஒரு நாள் கூலியை இழந்து 72 முறை பேருந்தேறுவது கறம்பக்குடியிலோ பொன்னமராவதியிலோ உள்ள ஒரு தொழிலாளியால் இயலக்கூடியதன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது 72 நாள் விடுப்பாகும். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு நோயாளியின் அலட்சியத்தைக் காரணமாகக் கூறும் பழக்கம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வீட்டில் கொடுத்தால் பலன் குறையுமோ என்ற ஐயத்துக்கு மூன்று ஆய்வுகள் விடை தருகின்றன. நெதர்லாந்தில் 196 சொரியாசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுச் சிகிச்சை மருத்துவமனைச் சிகிச்சைக்கு இணையாகவே அமைந்தது. அமெரிக்காவில் 783 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், தோல் முற்றிலும் அல்லது பெரும்பாலும் தெளிந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 32.8 விழுக்காடும் மருத்துவமனைப் பிரிவில் 25.6 விழுக்காடும் ஆவர். இவ்வேறுபாட்டுக்கான காரணம் விளக்கில் இல்லை என்றே தோன்றுகிறது; சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்ந்தவர்கள் வீட்டில் 51.4 விழுக்காடு, மருத்துவமனையில் 15.9 விழுக்காடு மட்டுமே. நல்ல சாலையும் சொந்தக் காரும் உள்ள நாட்டிலேயே தொலைவு இவ்வளவு தடுக்கிறது என்றால், நகரப் பேருந்தை நம்பியிருக்கும் ஊர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது ஆய்வு வெண்புள்ளியைப் பற்றியது. அது அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. பிரிட்டனில் 517 பேரிடம், ஐந்து வயதுக் குழந்தைகள் உட்பட, கைப்பிடி விளக்கை வீட்டிலேயே ஒன்பது மாதம் பயன்படுத்தச் செய்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, ஸ்டீராய்டு களிம்பு மட்டும் பூசியோரில் 17 விழுக்காட்டினரும், ஒளி மட்டும் பெற்றோரில் 22 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றோரில் 27 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க பலன் கண்டனர். களிம்பும் ஒளியும் சேர்ந்தால் களிம்பை மட்டும்விட மேலானது என்பது உறுதியாயிற்று. ஒளி மட்டும் களிம்பைவிட மேலானது என்பது உறுதியாகவில்லை. சிகிச்சை நின்றபின் பலருக்கு நிறம் மீண்டும் குறைந்தது. 62 பேருக்கு, அதாவது 12 விழுக்காட்டினருக்கு, தோல் கடுமையாகச் சிவந்தது. முகத்திலும் கழுத்திலும் நிறம் திரும்புவது எளிது, விரல்நுனியிலும் உதட்டிலும் பாதத்திலும் அரிது. மயிர்க்கால் இல்லாத இடத்தில் நிறமிச் செல்லுக்கு இருப்பிடம் இல்லை என்பதே காரணம். கைவிரல் வெள்ளைக்காகக் கடன் வாங்கிக் கருவி வாங்குவோரிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது வஞ்சகத்துக்குச் சமம்.

கருவியை வாங்கும் முன் நோய் இன்னதென்று தெரிய வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாதது போலத் தோன்றினும், இங்கே மிகத் தேவை. தோலில் வெளிறிய திட்டு என்றால் அது தேமலாக இருக்கலாம். பூஞ்சையால் வரும் தேமலுக்குக் களிம்பு போதும், ஒளி வேண்டியதில்லை. உணர்ச்சி மரத்துப்போன திட்டாயின் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தால் குணமாகும் அந்நோயை, வெண்புள்ளி என எண்ணி விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தால் நரம்புச் சேதம் நிலையாகிவிடும். வெண்புள்ளி தொற்றுநோயன்று, தொழுநோயோடு அதற்குத் தொடர்பும் இல்லை. ஆயினும் திருமணப் பேச்சில் அதை மறைக்கும் குடும்பங்கள், பிறர் பார்வை படாமல் சிகிச்சை நடப்பதற்காகவே மருத்துவமனையைத் தவிர்த்து வீட்டுக் கருவியை நாடுகின்றன. அந்த மறைப்பின் தேவையை இகழ இயலாது. ஆனால் முதல் பரிசோதனையையும் மறைத்துவிடுவதே கேடு விளைவிக்கிறது.

நோய் உறுதியான பின் அளவு வருகிறது. வெண்புள்ளிக்குப் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 விழுக்காடு கூட்டிச் செல்வர். வெள்ளைத் திட்டு மறுநாள் வரை இளஞ்சிவப்பாக நின்று, வலியின்றி மறைந்தால் அளவு சரி. எரிச்சலோ கொப்புளமோ வந்தால் நிறுத்தி, ஆறியபின் குறைந்த அளவிலிருந்து தொடர வேண்டும். திருவிழா, அறுவடை, உறவினர் வீட்டு விசேஷம் எனச் சிகிச்சை விட்டுப்போவது இயல்பு, அதற்கும் விதியுண்டு. இடைவெளி ஒரு வாரத்திற்குள் என்றால் பழைய அளவே கொடுக்கலாம். இரண்டாவது வாரமாயின் கால் பங்கும், மூன்றாவது வாரமாயின் பாதியும் குறைக்க வேண்டும். அதற்கும் மேற்பட்டால் தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும். விட்டதைப் பிடிப்பதற்காக ஒரே நாளில் இருமுறை காட்டுவது தோலைச் சுடும். ஒற்றை அறை வீட்டில் விளக்கு எரியும்போது நோயாளி மட்டுமன்றி அறையிலிருக்கும் எல்லோரும் கண்ணைக் காக்க வேண்டும். புற ஊதா கண்ணுக்குத் தெரியாததால், அதனோடு சேர்ந்து விளக்கில் தெரியும் மங்கிய ஊதா வெளிச்சத்தைக் குழந்தைகள் ஆபத்தறியாமல் வேடிக்கை பார்ப்பது எளிதில் நிகழக்கூடியது. கண் காப்புக் கண்ணாடி, நேரங்காட்டி, தேதியும் நொடியும் எழுதும் ஒரு நோட்டுப்புத்தகம் ஆகிய மூன்றும் விளக்கோடு சேர்ந்த உறுப்புகளே.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைப் பொறுத்தவரை வீட்டு ஒளிக்கு இடம் மிகக் குறுகியது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956இல் ஜீன் வார்டு என்னும் செவிலியர், வெயிலில் வைத்திருந்த குழந்தையின் உடலில் துணி மூடிய பகுதி மட்டும் மஞ்சளாக இருப்பதைக் கண்டு சொன்னதிலிருந்து வளர்ந்தது இச்சிகிச்சை. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, இரத்தத்தில் மிகுந்த பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளின் வடிவத்தை மாற்றி, ஈரல் அதை வேதிமாற்றம் செய்யத் தேவையின்றியே வெளியேறச் செய்கிறது. பிலிரூபின் உச்சத்தை அடைவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனையிலோ வேறெங்கோ சுகப்பிரசவமான தாய் வீடு திரும்பும் வேளையும் ஏறத்தாழ அதுவே. அப்போது பாட்டிமார் குழந்தையை இளவெயிலில் காட்டச் சொல்வதில் அறிவியல் அடிப்படை இல்லாமலில்லை. நைஜீரியாவின் லாகோசில், புற ஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் விதானத்தின் கீழ்க் குழந்தைகளைக் கிடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தபோது, அது மின்விளக்குச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று தெரிந்தது. ஆயினும் அங்கே விதானமும் இரத்தப் பரிசோதனையும் உடல்வெப்பக் கண்காணிப்பும் இருந்தன. வாசற்படியில் பத்து நிமிட வெயிலோ அறையின் டியூப்லைட்டோ அந்த அளவைத் தருவதில்லை. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூளையில் பிலிரூபின் படிந்தபின் எந்த ஒளியும் அதை மீட்பதில்லை.

மூட்டுவலிக்கு லைட் வைப்பது என்று ஊரில் சொல்லப்படும் அகச்சிவப்பு விளக்கு, மேற்கூறிய எதனோடும் சேராதது. அதன் வேலை சூடு தருவது மட்டுமே. தசை இறுக்கம் தளர்ந்து வலி சிறிது நேரம் குறைகிறது, தேய்ந்த மூட்டு வளர்வதில்லை. அரை மீட்டர் அளவு தள்ளிவைத்து 15 முதல் 20 நிமிடம் காட்டினால் தீங்கு குறைவு. பெரிய விதிவிலக்கு சர்க்கரை நோய்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், சூடு மிகுவதை அறியாமலே வெந்துபோகிறார், அப்புண் ஆறாமல் விரலை இழப்பதில் முடியக்கூடும். தைலம் தடவிய தோலில் விளக்கு வைப்பதும், வைத்தபடியே உறங்கிவிடுவதும் இதே வகை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் அன்போடு அனுப்பிவைக்கும் சூட்டுக் கருவிகளில் இந்த எச்சரிக்கை இருந்தாலும், அது பெற்றோர் படிக்கும் மொழியில் இருப்பதில்லை.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 10,000 லக்ஸ் வெள்ளொளிப் பெட்டி, குளிர்காலத்தில் பகல் மிகச் சுருங்கும் நாடுகளின் பருவகால மனச்சோர்வுக்கு உதவுவது. ஆஸ்லோவிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழருக்கு அது பயன்படலாம். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இல்லாத புதுக்கோட்டையில் அந்நோய்க்கென அதை வாங்க வேண்டிய காரணம் அரிது. வைட்டமின் டி குறைவுக்கு விளக்கைவிட நண்பகலை ஒட்டிய சிறிது நேர வெயிலும், தேவையானால் மருத்துவர் தரும் மாத்திரையும் மலிவு. காலை ஏழு மணி வெயிலில் அதற்குரிய புற ஊதா மிகக் குறைவு. புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்கச் சிவப்பு ஒளியும் லேசரும் மருத்துவமனைகளில் பயன்படுவதற்குச் சான்று உண்டு. அச்சான்றைக் காட்டி முகச்சுருக்கத்துக்கான மின்முகமூடியை விற்பது வணிகத் தந்திரம்.

சட்டம் முற்றிலும் வாய்மூடி இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் வெண்புள்ளி இடம்பெற்றுள்ளது. அதைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். பேருந்து நிலையச் சுவர்களில் தேதி குறித்து, லாட்ஜில் முகாமிடும் வைத்தியர்களின் சுவரொட்டிகளுக்கு இச்சட்டம் இன்னும் எட்டவில்லை போலும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்த அறிவிக்கையும் இருப்பதால், உரிமம் பெற்ற கருவியையே நுகர்வோர் கேட்டு வாங்கலாம். உரிம எண்ணும், விளக்கின் அலைநீளமும், கதிர்ச்செறிவும் பெட்டியில் அச்சிடப்படாத கருவியைத் திருப்பிக் கொடுப்பதே சரி.

எனினும் எல்லோரும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. நெதர்லாந்தில் நோயாளி விளக்கை விலைக்கு வாங்கவில்லை. வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் மருத்துவரின் சீட்டின்பேரில் அதைக் கொண்டுவந்து கொடுத்து, பயன்பாட்டைக் கற்றுத்தந்து, முடிந்ததும் எடுத்துச் சென்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுசெல்லும் நிலையில், தோல்நோய்ப் பிரிவின் சீட்டோடு கைப்பிடி விளக்கை ஆறு மாதத்துக்கு இரவலாகக் கொடுப்பது அத்திட்டத்தின் போக்குக்கு மாறானதன்று. முதல் நான்கைந்து முறை மருத்துவமனையிலேயே காட்டி அளவு பழக்கலாம். மாதம் ஒருமுறை நோட்டுப்புத்தகத்தையும் தோலையும் வட்டார மருத்துவமனையில் பார்க்கலாம். விளக்கு திரும்பி வந்ததும் செறிவுமானியால் அளந்து, குழல் தளர்ந்திருந்தால் மாற்றி, புதிய நொடிக்கணக்கை அதன் முதுகில் ஒட்டி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதற்கு விளக்குகளைவிட அதிகமாகத் தேவைப்படுவது, ஒவ்வொரு விளக்கையும் அளக்கத் தெரிந்த ஒரு பணியாளரும் மாவட்டத்துக்கு ஒரு செறிவுமானியும்தான்.